ஒரு கௌதாரியும் வேட்டையின் சட்டமும்

உக்கடத்தில் உள்ள நம் அரபுக் கல்லூரியில் ஆண்டுதோறும் ஒரு பாடம் வரும்போது மாணவர்களின் முகத்தில் மெல்லிய புன்னகை தோன்றுவதுண்டு. ஹனஃபீ சட்ட நூலான ‘குதூரீ’யின் ‘கிதாபுஸ் ஸைதி வத்தபாயிஹ்’, அதாவது வேட்டையும் அறுத்தலும் பற்றிய இயல்தான் அது. பயிற்சி பெற்ற நாய், ராஜாளி, அம்பு, ஈட்டி என்று பாடம் விரியும். சன்னலுக்கு வெளியே பேருந்துகளின் ஒலி. சற்றுத் தொலைவில் பெரிய குளம். இந்தச் சூழலில் ராஜாளியைப் பழக்கும் முறையை எதற்குப் படிக்க வேண்டும் என்ற கேள்வி அந்தப் புன்னகையில் இருக்கும். நாமும் பல ஆண்டுகள் அப்பாடத்தைத் தேர்வுக்குரிய ஒன்றாகக் கருதி விரைந்து நடத்திவிட்டுத் தொழுகை பாடத்துக்கோ வணிகப் பாடத்துக்கோ திரும்பியிருக்கிறோம்.

அண்மையில் ஒரு மாணவர் எழுந்து நின்று கேட்ட கேள்வி நம்மைத் தடுத்து நிறுத்தியது.

“ஹஜ்ரத், லீவுக்கு காங்கேயம் பக்கம் ஊருக்குப் போயிருந்தேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஏர்கன்னால ஒரு கௌதாரியைச் சுட்டார். அவரும் நம்மவர்தான். பிஸ்மி சொல்லித்தான் சுட்டார். ஓடிப்போய் எடுக்கறதுக்குள்ள அது செத்துப்போச்சு. அறுத்துச் சமைச்சாங்க. நானும் சாப்பிட்டேன். அது கூடுமா?”

வகுப்பு அமைதியானது. விடை நமக்குத் தெரியாததன்று. ஆயினும், “நாளைக்குச் சொல்கிறோம்” என்று மட்டுமே நம்மால் சொல்ல முடிந்தது. அதற்கான காரணத்தைக் கட்டுரையின் இறுதியில் சொல்வோம். அந்த ஒரு கேள்விக்குள் நான்கு கேள்விகள் அடங்கியிருப்பதை அன்றிரவு உணர்ந்தோம். சுட்ட கருவி பற்றியது ஒன்று. சுட்ட நோக்கம் பற்றியது மற்றொன்று. நாட்டின் சட்டம் பற்றியது மூன்றாவது. உண்மையை ஒளிக்காமல் சொல்வது பற்றியது நான்காவது. அவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

கொங்கு மண்ணும் வேட்டையும்

வேட்டை கொங்கு நாட்டுக்கு அயலானதன்று. தென்மேற்கே ஆனைமலை, வடக்கே நீலகிரியும் சத்தியமங்கலம் காடும், நடுவே மேய்ச்சல் நிலங்கள் என்று அமைந்த நாடு இது. பொள்ளாச்சிக்கு அப்பால் ஆனைமலை அடிவாரத்தில் வேட்டைக்காரன்புதூர் என்றே ஓர் ஊர் இருக்கிறது. வேட்டுவர் என்ற பெயரைத் தாங்கிய சமூகத்தார் இந்நாட்டின் பழங்குடியினருள் அடங்குவர். காங்கேயம், தாராபுரம் வட்டாரங்களில் கிளுவை வேலி சூழக் கொழுக்கட்டைப் புல் வளர்த்து, இடையிடையே வெள்வேல மரங்களை நிறுத்திய மேய்ச்சல் நிலத்தைக் ‘கொறங்காடு’ என்பர். காங்கேயம் மாடுகளுக்காக உழவர் பேணிய அந்நிலமே கௌதாரிக்கும் காடைக்கும் முயலுக்கும் இருப்பிடமாயிற்று. புல்லும் வேலியும் உள்ள இடத்தில் கௌதாரி தங்கும். கௌதாரி தங்கிய இடத்துக்கு வேட்டைக்காரனும் வந்தான்.

அவனுடைய கலையைக் குறைத்து மதிப்பிட நாம் விரும்பவில்லை. ஈர மண்ணில் பதிந்த தடத்தைக் கண்டு விலங்கு கடந்துபோன நேரத்தை அவன் கணிப்பான். காற்று எதிரே வீசும் பக்கத்திலிருந்தே அணுகுவான். விடியற்காலையில் கௌதாரி கூவும் திசையைக் கொண்டு அது தங்கும் புதரை அறிவான். பழக்கிய கௌதாரியைக் கூண்டில் வைத்துக் கூவச் செய்து, அதன் குரலுக்கு வரும் காட்டுப் பறவையைக் கண்ணியில் பிடிப்பதும் உண்டு. பெரிய வேட்டையில் மரத்தில் பரண் கட்டி இரவெல்லாம் அசையாது காத்திருந்தனர். ஆட்கள் வரிசையாக நின்று ஓசை எழுப்பி விலங்கை விரட்டினர். இவையனைத்துக்கும் பொறுமையும் கூர்ந்த கவனமும் வேண்டும். பழங்குடியினரின் இவ்வறிவு இல்லாவிடில் மலைக்கு வந்த வெள்ளைக்கார வேட்டையாளர் எவரும் ஒரு காட்டெருமையைக்கூடக் கண்டிருக்க மாட்டார்.

துப்பாக்கி வந்ததும் சொற்களும் வந்தன. ‘சிகாரி’ என்பது வேட்டையைக் குறிக்கும் ‘ஷிகார்’ என்ற பாரசீகச் சொல்லின் வழி வந்தது. ‘துப்பாக்கி’ என்ற சொல்லே துருக்கியின் ‘துஃபெக்’ என்பதோடு உறவுடையது. அரபியில் துப்பாக்கிக்கு ‘புந்துகிய்யா’ என்று பெயர். ‘புந்துக்’ என்றால் ஒரு வகைக் கொட்டைப் பருப்பு. அதன் உருவில் களிமண்ணை உருட்டி வில்லில் வைத்து எறிந்த உருண்டை ‘புந்துகா’ எனப்பட்டது. பின்னர் ஈயக் குண்டுக்கும், இறுதியில் அதை உமிழும் கருவிக்கும் அப்பெயர் ஏறியது. இச்சொல் வரலாறு அறிஞர்களின் சட்ட விவாதத்தில் பெரும் பங்கு வகிப்பதை இனிக் காண்போம்.

அனுமதியின் நிபந்தனைகள்

திருக்குர்ஆனின் ‘அல்மாயிதா’ அத்தியாயம் வேட்டையைப் பலமுறை பேசுகிறது. இஹ்ராம் நிலையில் இருப்பவருக்குத் தரை வேட்டை தடுக்கப்பட்டது. இஹ்ராமிலிருந்து விடுபட்டபின் அனுமதிக்கப்பட்டது. கைகளுக்கும் ஈட்டிகளுக்கும் எட்டும் தொலைவில் வேட்டைப் பிராணியை வரச்செய்து, தன்னை மறைவில் அஞ்சுபவர் யார் என்று அல்லாஹ் சோதிப்பதாக 94-ஆம் வசனம் அறிவிக்கிறது. இவ்வசனம் நம் சிந்தனைக்குரியது. பிராணி எட்டாத தொலைவில் இருந்தால் அங்கே சோதனை இல்லை. கைக்கெட்டும் தொலைவில் நிற்கும்போது, பார்ப்பவர் எவரும் இல்லாதபோது, கையை இழுத்துக்கொள்கிறானா என்பதே சோதனை.

கடல் வேட்டையோ இஹ்ராம் அணிந்தவருக்கும் ஆகுமாக்கப்பட்டது என்று 96-ஆம் வசனம் கூறுகிறது. உக்கடம் மொத்த மீன் சந்தையில் விடியுமுன் வந்திறங்கும் பெட்டிகளைப் பார்த்த நம் மாணவர்களுக்கு இதை விளக்குவது எளிது. குர்ஆனின் மொழியில் அதுவும் ‘ஸைது’தான். அங்கே அறுத்தல் என்ற நிபந்தனை இல்லை. தரையில் வாழும் உயிருக்கோ ஒவ்வோர் அடியிலும் ஒரு நிபந்தனை உண்டு.

அந்த நிபந்தனைகளை நாம் அறிவது பெரிதும் அதீ இப்னு ஹாதிம் (ரலி) அவர்களின் கேள்விகளால்தான். கொடைக்குப் பேர்போன ஹாதிமுத் தாயீயின் மகனான அவர் வேட்டையில் பழகியவர். அவர் கேட்கக் கேட்க நபி (ஸல்) அவர்கள் அளித்த விடைகளைப் புகாரீ, முஸ்லிம் ஆகிய தொகுப்புகளில் காணலாம். கருத்தை மட்டும் இங்கே தருகிறோம். பயிற்சி பெற்ற நாயை அல்லாஹ்வின் பெயர் கூறி ஏவினால், அது பிடித்துத் தந்ததை உண்ணலாம். நாய் அதிலிருந்து தின்றுவிட்டால் உண்ணக் கூடாது. அது தனக்காகவே பிடித்திருக்கலாம். வேறொரு நாயும் சேர்ந்துகொண்டால் உண்ணக் கூடாது. பெயர் கூறப்பட்டது நம் நாயின் மீதுதான், மற்றதன் மீதன்று. அம்பு பட்ட பிராணி தண்ணீரில் விழுந்து இறந்து கிடந்தால் உண்ணக் கூடாது. கொன்றது அம்பா, தண்ணீரா என்பது தெரியாது.

இவற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். ஐயம் எழும் இடத்திலெல்லாம் தீர்ப்பு உண்பவனுக்கு எதிராகவே செல்கிறது. உயிரைப் போக்கியது யார், எது, எப்பெயரால் என்று தெளிவாகத் தெரிந்தாலன்றி அந்த இறைச்சி அவனுக்குரியது ஆகாது. பசித்தவன் கைக்கு வந்த உணவையும் கீழே வைக்கச் சொல்லும் சட்டம் இது.

அடுத்துக் கருவி. தட்டையும் முனையும் கொண்ட ‘மிஃராள்’ என்ற எறிகோல் பற்றி அதீ (ரலி) கேட்டார்கள். கூரிய முனை துளைத்தால் உண்ணலாம். அகலப் பக்கம் பட்டு இறந்தால் அது அடிபட்டுச் செத்தது, உண்ணாதீர் என்பது விடையின் கருத்து. அடிபட்டுச் செத்ததைக் குர்ஆன் ‘மவ்கூதா’ என்று பெயரிட்டு 3-ஆம் வசனத்தில் விலக்கியுள்ளது. களிமண் உருண்டையாகிய புந்துகாவால் கொல்லப்பட்டதையும் இப்னு உமர் (ரலி) அவர்கள் மவ்கூதா என்றே கருதினார்கள்.

வெடிமருந்துத் துப்பாக்கி பரவியபோது அறிஞர்கள் முன் புதிய கேள்வி வந்தது. ஈயக் குண்டு களிமண் உருண்டையின் இனமா, அம்பு முனையின் இனமா? பெயர் ‘புந்துகா’ என்பதால் மட்டும் தீர்ப்பு ஒன்றாகிவிடுமா? 1836-இல் மறைந்த ஹனஃபீ அறிஞர் இப்னு ஆபிதீன், ஈயக் குண்டுக்குக் கூர்முனை இல்லை, எரித்தும் கனத்தால் மோதியுமே அது காயப்படுத்துகிறது என்று காரணம் கூறி, அதனால் இறந்தது ஆகாது என்றார். அவர் காலத்திலேயே யமனில் வாழ்ந்த ஷவ்கானீ, குண்டு உடலைத் துளைத்து ஊடுருவுகிறது, துளைப்பதே சட்டம் கேட்கும் அடையாளம் என்று கூறி அனுமதித்தார். மாலிகீ மரபின் பிற்கால அறிஞர் பலரும் அனுமதியின் பக்கமே சாய்ந்தனர். ஒரே பொருளின் இரு தன்மைகளை இருவர் முதன்மைப்படுத்தினர். இரு தரப்பும் ஒன்றுபடும் இடம் ஒன்றுண்டு. சுடப்பட்ட பிராணி நிலையான உயிரோடு கிடைத்து, அறுக்கப் போதிய நேரமும் இருந்தால் முறைப்படி அறுத்தே ஆக வேண்டும்.

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் ராவுத்தர்களும் தக்கனியரும் பெரிதும் ஹனஃபீ மரபினர். ஆகவே மாணவரின் கேள்வியில் கருவி பற்றிய பகுதிக்கு விடை தெளிவானது. ஏர்கன்னின் சிறு ரவையால் அடிபட்டு, கத்தி படுமுன் இறந்த கௌதாரி நம் மரபின் தீர்ப்புப்படி ஆகாது. சுடும்போது சொன்ன பிஸ்மி அதை மாற்றாது. இறந்த பறவையின் கழுத்தில் பின்னர் ஓட்டிய கத்தி வெறும் சடங்கு.

பொழுதுபோக்கு என்ற நோக்கம்

இனி நோக்கம். முஸ்லிம் அரசவைகளில் வேட்டை பெரும் கலையாக வளர்ந்ததை மறைக்க வேண்டியதில்லை. அப்பாஸிய காலத்தில் ‘தர்திய்யாத்’ என்ற பெயரில் வேட்டைப் பாக்களின் தனி வகையே தோன்றியது. அபூ நுவாஸ் அதில் பெயர்பெற்றவர். சிரியாவின் ஷைஸர் கோட்டையில் வாழ்ந்த உஸாமா இப்னு முன்கித் (1095–1188), குர்ஆனைப் பிரதியெடுப்பதிலும் வேட்டையிலும் தம் நாட்களைக் கழித்த தந்தையை அன்போடு நினைவுகூர்கிறார். முகலாயர் சிவிங்கிப்புலிகளைப் பழக்கி மானை வேட்டையாடினர். ஜஹாங்கீர் தம் பன்னிரண்டாம் வயது முதல் ஐம்பதாம் வயது வரை நடந்த வேட்டைகளின் கணக்கை எடுக்கச் செய்து நினைவுக் குறிப்பில் பதிந்தார். மொத்தம் 28,532 உயிர்கள். அவற்றுள் 17,167 அவர் கையாலேயே வீழ்ந்தவை. கணக்கை எழுதியவர் பறவைகளின் நிறத்தையும் பழக்கத்தையும் வியந்து ஆராய்ந்து ஓவியர்களைக் கொண்டு வரைவித்தவரும்தான். அறிவார்வமும் கொலையும் ஒரே மனிதரிடம் குடியிருந்தன.

அரசவை நடைமுறை சட்டத்தின் ஆதாரம் ஆகாது. நபிமொழித் தொகுப்புகளில் நாம் காண்பது வேறு. வேட்டையின் பின்னே அலைபவன் கவனமற்றவனாகிவிடுவான் என்ற எச்சரிக்கை திர்மிதீ முதலிய தொகுப்புகளில் உள்ளது. தேவையின்றிக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவி மறுமையில் இறைவனிடம் முறையிடும் என்ற கருத்தமைந்த அறிவிப்பை நஸாயீ பதிந்துள்ளார். குறைஷி இளைஞர் சிலர் ஒரு பறவையைக் கட்டிவைத்து அம்பெய்து பழகியதைக் கண்ட இப்னு உமர் (ரலி) அவர்கள், உயிருள்ள ஒன்றை இலக்காக ஆக்குபவரை நபி (ஸல்) அவர்கள் சபித்ததை நினைவூட்டினார்கள். விரலிடுக்கில் கல் வைத்துச் சுண்டுவதும் தடுக்கப்பட்டது. அது வேட்டைக்கும் உதவாது, பகைவனையும் வீழ்த்தாது. பல்லை உடைக்கும், கண்ணைக் கெடுக்கும் என்பது காரணம். பயனற்ற காயத்தை விளைவிக்கும் கருவியே கூடாது என்ற இக்கொள்கையை ஏர்கன்னுக்கும் பொருத்திப் பாருங்கள். அது கொல்வதைவிட முடமாக்குவதே அதிகம். வேலிக்குள் புகுந்து மறைந்து, இரண்டு நாள் கழித்து எறும்பரித்துக் கிடக்கும் புறாவை நாட்டுப்புறத்தில் வளர்ந்தவர் அறிவர்.

ஆகவேதான் உணவுக்கோ தேவைக்கோ அன்றி வெறும் விளையாட்டுக்காக வேட்டையாடுவதை அறிஞர்கள் வெறுக்கத்தக்கது என்றும், சிலர் விலக்கப்பட்டது என்றும் வகுத்தனர்.

சட்டம் வந்த வழி

மூன்றாவது, நாட்டின் சட்டம். 1868 வரை நீலகிரி கோயம்புத்தூர் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. அம்மலையில் குடியேறிய ஆங்கிலேயர் வரையாட்டையும் கடமானையும் வரைமுறையின்றிச் சுட்டனர். சில பத்தாண்டுகளிலேயே விலங்குகள் அருகின. அச்சம் பிறந்தபின் 1877-இல் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கும் சங்கம் ஒன்றை அங்கே அமைத்தனர். 1879-இல் நீலகிரிக்கென்றே ஒரு காப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. உரிமம், இனப்பெருக்கக் காலத்தில் வேட்டைத் தடை என்ற முறைகள் இவ்வாறு நம் பகுதியில் கால்கொண்டன. இதில் ஒரு முரண் உண்டு. விலங்கை அருகச் செய்தவரே காவலரும் ஆயினர். உணவுக்காகக் கண்ணி வைத்த மலைவாசி குற்றவாளி ஆனார். ஆயினும் அந்த ஏற்பாடு வரையாடு அடியோடு அழியாமல் இருக்க உதவியது என்பதையும் நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். 2024-இல் தமிழகம் முழுவதும் நடந்த கணக்கெடுப்பில் 1,031 வரையாடுகள் காணப்பட்டன.

எளிய மக்களும் பறவைகளுக்காகக் குரல் கொடுத்த வரலாறு நம் மாநிலத்திலேயே இருக்கிறது. வேடந்தாங்கல் ஏரியில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட்டனர். 1798-இல் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் அப்பறவைகளுக்குக் காப்பளித்து உத்தரவு தந்தார். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை உழவர் கண்டறிந்திருந்தனர். பறவை உயிரோடு இருப்பதில் அவர்களுக்குப் பங்கு இருந்தது.

இதற்கு நேர்மாறான காட்சியைப் பரத்பூரில் காணலாம். 1938 நவம்பர் 12 அன்று, வைசிராய் லின்லித்கோ பங்கேற்ற வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன. சிவிங்கிப்புலியோ இந்திய மண்ணிலிருந்தே மறைந்து, 1952-இல் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது.

இப்பின்னணியில்தான் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தொடக்கத்தில் உரிமம் பெற்று வேட்டையாட அதில் இடமிருந்தது. 1991-இன் திருத்தம் அந்த வாயிலை மூடியது. சட்டத்தின் பார்வையில் வேட்டை என்பது சுடுவது மட்டுமன்று. பொறி வைப்பது, கண்ணியில் பிடிப்பது, காயப்படுத்துவது, முட்டையையும் கூட்டையும் குலைப்பது அனைத்தும் அதில் அடங்கும். காட்டுக் கௌதாரி, காட்டுக் காடை, முயல் யாவும் பாதுகாப்புக்குரியவை. பண்ணைகளில் வளர்க்கப்படும் ஜப்பானியக் காடை வேறு. உணவகங்களில் முறையாகக் கிடைப்பது அதுதான்.

இவ்விடத்தில் நம்மவர் சிலர் எழுப்பும் வாதம் ஒன்றுண்டு. “அல்லாஹ் ஆகுமாக்கியதை அரசாங்கம் எப்படித் தடுக்க முடியும்?” என்பார்கள். காட்டுப் பிராணி ‘முபாஹ்’, யாருக்கும் உரிமையற்ற பொதுப்பொருள், பிடித்தவனுக்கே அது சொந்தம் என்பது ஃபிக்ஹின் அடிப்படை என்று சான்றும் காட்டுவார்கள். அடிப்படை சரியே. ஆனால் பொதுப்பொருளைப் பொதுநலனுக்காக வரையறுக்கும் அதிகாரமும் அதே ஃபிக்ஹில் உள்ளது. மதீனாவின் எல்லைக்குள் வேட்டைப் பிராணியை விரட்டுவதும் மரம் வெட்டுவதும் தடுக்கப்பட்டன. அந்நகரை அடுத்த ‘நகீஃ’ என்ற புல்வெளியை நபி (ஸல்) அவர்கள் ‘ஹிமா’வாக, காக்கப்பட்ட நிலமாக ஒதுக்கினார்கள், உமர் (ரலி) அவர்கள் ‘ரபதா’வை ஒதுக்கினார்கள். புல் எல்லாருக்கும் பொதுவானதுதான். பொதுவானது என்பதாலேயே அதைக் காக்க வேண்டியிருந்தது. ஆகுமாக்கப்பட்ட ஒன்றைச் செய்தே ஆக வேண்டும் என்ற கட்டளை எங்கும் இல்லை. அதைவிடுவதில் பாவமும் இல்லை. ஊரோடு ஒப்பந்தம் செய்து வாழும் முஸ்லிம் அந்த ஒப்பந்தத்தை மீறுவதில்தான் பாவம் இருக்கிறது.

ஆகவே மறைவாகக் கொண்டுவந்து விற்கப்படும் காட்டுக் கௌதாரியையோ நீர்க்கோழியையோ, “அறுத்ததுதான், ஹலால்தான்” என்று வாங்குவதை நாம் ஒப்பவில்லை. அது எப்படி இறந்தது என்பதை வாங்குபவர் அறியார். அறிந்தாலும் அவ்வியாபாரம் சட்டத்துக்கு மாறானது. பிடித்துத் தருபவரோ பெரும்பாலும் வறியவர். பிடிபட்டால் சிறை செல்பவரும் அவரே. அந்தச் சுமையை அவர் தோளில் ஏற்றிவிட்டு நம் தட்டில் இருப்பதை மட்டும் தூயது என்று எப்படிச் சொல்வது?

ஒரு சிறுவனின் ஐயம்

நான்காவது கேள்விக்கு முன் ஒரு வரலாற்றுச் செய்தி. 1896-இல் மும்பையில் பிறந்து, பெற்றோரை இழந்து, தாய்மாமா அமீருத்தீன் தியாப்ஜியின் வீட்டில் வளர்ந்த ஒரு சிறுவன் விளையாட்டுத் துப்பாக்கியால் சிட்டுக்குருவிகளைச் சுடுவான். ஒரு நாள் வீழ்ந்த குருவியின் கழுத்தில் மஞ்சள் திட்டைக் கண்டான். இது வழக்கமான குருவி அன்று. ஒரு முஸ்லிம் இதை உண்ணலாமா என்ற ஐயம் எழுந்தது. மாமாவிடம் கொண்டுசென்றான். வேட்டைப் பிரியரான அவராலும் இனத்தைச் சொல்ல முடியவில்லை. மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலர் மில்லார்டிடம் அனுப்பிவைத்தார். மில்லார்ட் பெட்டிகளைத் திறந்து பறவைகளின் உலகத்தையே அச்சிறுவனுக்குக் காட்டினார். அச்சிறுவன்தான் ஸாலிம் அலீ. இந்தியப் பறவையியலின் தந்தை என்று போற்றப்படுபவர், 1987-இல் மறைந்தார். ஆய்வுக்காக அவரும் பல பறவைகளைச் சுட்டவர்தான். ஆயினும் அவருடைய உழைப்பால் எத்தனையோ நீர்நிலைகளும் காடுகளும் காப்பாற்றப்பட்டன. பரத்பூரின் அந்த வேட்டைக் களம் பறவைகளின் காப்பிடமாக நிலைத்ததிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் பெயரைத் தாங்கி 1990-இல் நிறுவப்பட்ட பறவையியல் ஆய்வு மையம் நம் கோவை மாவட்டத்து ஆனைகட்டியில் இயங்குகிறது.

‘ஹலாலா, ஹராமா’ என்ற ஒரு சிறுவனின் கேள்வி இவ்வளவு தூரம் சென்றது. அவனிடம் ஐயம் இருந்தது. அதை மறைக்காமல் பெரியவரிடம் கொண்டுசென்ற நேர்மையும் இருந்தது.

இனி, “நாளைக்குச் சொல்கிறோம்” என்று நாம் ஒதுங்கிய காரணத்துக்கு வருவோம். நமக்குப் பத்து வயது இருக்கும். தாராபுரத்தை அடுத்த ஊரில் பாட்டியார் வீட்டில் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்தோம். தாய்மாமா கொறங்காட்டில் ஒரு கௌதாரியைச் சுட்டார். கிளுவை வேலிக்கடியில் விழுந்த அதை எடுக்க ஓடியது நாம்தான். கையில் எடுத்தபோது கழுத்து தொங்கியது, கண் மூடியிருந்தது. உடல் மட்டும் சூடாக இருந்தது. மாமா வந்து கத்தியை ஓட்டினார். வீட்டில் நன்னி மாமாவைக் கேட்கவில்லை, நம்மைத்தான் கேட்டார்.

“கத்தி படறப்ப உசுரு இருந்துச்சா?”

மாமா நம்மைப் பார்த்தார். “துடிச்சுது நன்னி” என்றோம். அவர் நம் சொல்லை நம்பிச் சமைத்தார். நம் சொல்லை நம்பி உண்டார். அறியாமல் உண்டதில் அவர் மீது குற்றம் இல்லை என்பதைப் பின்னாளில் கிதாபுகளில் படித்தோம். யார் மீது குற்றம் என்பதையும் படித்தோம். அவர் மறைந்து பல ஆண்டுகளாகின்றன. அவரிடம் நாம் அதைச் சொன்னதே இல்லை.

மறுநாள் வகுப்பில் மேலே எழுதியவற்றைச் சுருக்கமாகச் சொன்னோம். கௌதாரி ஆகாது என்றோம். சுட்டதும் கூடாது என்றோம். அறியாமல் உண்டதற்கு அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டால் போதும் என்றோம். அந்த மாணவர் மீண்டும் எழுந்தார்.

“பரிகாரம் ஏதாவது கொடுக்கணுமா ஹஜ்ரத்?”

இஹ்ராமில் வேட்டையாடியவர் ஈடு கொடுக்க வேண்டும் என்று ‘அல்மாயிதா’வின் 95-ஆம் வசனம் விதிக்கிறது. ஆடு, மாடு, ஏழைகளுக்கு உணவு, நோன்பு என்று அதற்கு அளவும் உண்டு. கொறங்காட்டில் வீழ்ந்த கௌதாரிக்கு அப்படியோர் அளவு எந்தக் கிதாபிலும் இல்லை. தவ்பா மட்டுமே உண்டு. அதன் நிபந்தனைகளில் ஒன்று, அதே செயலுக்குத் திரும்பாதிருப்பது. இதைச் சொன்னோம். பிறகு நம்முடைய கௌதாரியின் கதையையும் வகுப்பில் முதன்முறையாகச் சொன்னோம்.

இப்போது வேட்டைப் பாடத்தை நாம் விரைந்து முடிப்பதில்லை. பாடத்தின் இறுதி நாளில் மாணவர்களைப் பெரிய குளத்தின் கரைக்கு அழைத்துச் செல்கிறோம். நாமக்கோழியும் நீலத் தாழைக்கோழியும் புள்ளிமூக்கு வாத்தும் கல்லெறி தூரத்தில் நீந்துகின்றன. கைகளுக்கும் ஈட்டிகளுக்கும் எட்டும் தொலைவு பற்றிய அந்த வசனத்தை அங்கே வைத்தே ஓதி விளக்குகிறோம்.